கிரெடிட் கார்டுக்கு மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு

மூன்று வருசத்துக்கு முன் தம்பிக்கு ஒரு த்ரீவீலர் எடுக்கலாம் என்று ஹட்டனில் வண்டிக்குத் தவணைக் கடன் கொடுக்கும் ஒரு லீசிங் கம்பனிக்குப் போனோம். சம்பளச் சிலிப், வங்கிக் கூற்று, லைட் பில் எல்லாவற்றையும் ஃபைலில் அடுக்கிக் கொண்டுபோய் மேசையில் வைத்தாயிற்று. அங்கே இருந்த பிள்ளை என் அடையாள அட்டை இலக்கத்தைக் கம்பியூட்டரில் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குரலை இறக்கி, "டீச்சர், ரெண்டு கார்டும் லிமிட் முட்டி நிக்குதே" என்றது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாசம்கூடத் தவறவிடாமல் மினிமம், அதாவது வங்கி கேட்கிற ஆகக் குறைந்த தொகையை, கட்டி வருகிறேனே, இதில் என்ன குற்றம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் மினிமம் கட்டுவது வேறு, கடனைக் கட்டுவது வேறு என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த நமக்குத் தீபாவளி அட்வான்ஸ் பழக்கம். வாங்கினால் மாசாமாசம் சம்பளத்தில் வெட்டுவார்கள், ஒரு நாள் தானாக முடிந்துவிடும். கார்டும் அப்படித்தான் என்று மனசு எண்ணிக்கொள்கிறது. கார்ட் தானாக முடியாது.

கணக்கைப் பார்ப்போம். கார்டுக்கு மாசாமாசம் வருகிற கூற்றில் (ஸ்டேட்மென்டில்) 200,000 ரூபாய் நிற்கிறது, வருட வட்டி 26 வீதம், மினிமம் நிலுவையில் 5 வீதம் என்று வையுங்கள் (உங்கள் வங்கியின் எண்கள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், கூற்றில் பாருங்கள்). 10,000 கட்டுகிறீர்கள். மிச்சம் 190,000. அதற்கு ஒரு மாச வட்டி 4,117. அடுத்த கூற்றில் வந்து நிற்பது 194,117. அதாவது கையை விட்டுப் போனது 10,000, கடனில் இறங்கியது 5,883. அடுத்த மாசம் மினிமமும் கொஞ்சம் குறையும், நீங்களும் "பரவாயில்லையே, குறைகிறது" என்று குறைத்தே கட்டுவீர்கள். இந்த வேகத்தில் போனால், கார்டை ஒரு தடவைகூடத் தேய்க்காமல் இருந்தாலும், இரண்டு வருசம் கழித்து இன்னும் 97,000க்கு மேல் நிற்கும். ஐந்து வருசம் கழித்தும் 33,000 அளவில் மிச்சம்.

இப்போது ஒரே ஒரு விசயத்தை மாற்றுங்கள். மினிமம் எவ்வளவு குறைந்தாலும் நீங்கள் அதே 10,000 ரூபாயையே மாசாமாசம் கட்டுங்கள். 26 மாசத்தில் கடன் முடியும், மொத்த வட்டி 57,500 அளவில். 15,000 கட்ட முடிந்தால் 16 மாசம், வட்டி 32,600 அளவில். கூற்றில் மினிமம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும் இலக்கத்தைப் பார்க்காமல், உங்களுக்கென்று ஒரு தொகையை முடிவுசெய்து அதில் நிற்பதுதான் முழு வேலையும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வட்டியும் நிலையாக நிற்பதில்லை. 2020இல் இலங்கை மத்திய வங்கி கார்ட் வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு போட்டது. 2022 நெருக்கடியில் அதே வட்டி 36 வீதம் வரைக்கும் போனது. 2023 ஆகஸ்டில் உச்சவரம்பு 28 வீதம் என்று வந்தது. 18 வீதக் காலத்தில் வாங்கின ஃபிரிட்ஜுக்கு 36 வீத வட்டி கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

சரி, அந்தப் பிள்ளை கம்பியூட்டரில் பார்த்த கிரிப் (CRIB). ஊரில் இதை ஏதோ பொலிஸ் லிஸ்ட் போலப் பேசுகிறார்கள், "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது" என்று. அது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த கடன் தகவல் பணியகம். கறுப்புப் பட்டியல் என்று ஒன்று அங்கே கிடையாது. வங்கியிலோ லீசிங்கிலோ கடன் எடுத்தவர் ஒழுங்காகக் கட்டினாலும் அவர் பெயர் அங்கே இருக்கும், கட்டாவிட்டாலும் இருக்கும். எவ்வளவு எடுத்தார், எவ்வளவு மிச்சம், எந்த மாசம் எத்தனை நாள் பிந்தினார் என்பதெல்லாம் வங்கிகள் அனுப்பும் தகவல்தான். அதை வைத்து 250 முதல் 900 வரை ஒரு புள்ளி வருகிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது கிரிப் இல்லை, உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் வங்கி.

இணையத்தில் தேடினால் கிடைக்கிற அறிவுரை முக்கால்வாசி அமெரிக்காக்காரர்களுக்கு எழுதியது. அங்கே ஃபைகோ என்ற புள்ளி. அதில் நேரத்துக்குக் கட்டினீர்களா என்பதற்கு 35 வீதம், எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு 30 வீதம். லிமிட்டில் 30 வீதத்துக்கு மேல் பாவிக்காதே என்ற பேச்சும் அந்தப் பக்கத்தில் இருந்து வந்ததுதான். அந்தப் பங்கீட்டை அப்படியே நம் கிரிப் புள்ளிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஆனால் யோசனை பொருந்தும், ஏனென்றால் நம் அறிக்கையிலும் கார்டின் லிமிட்டும் நிலுவையும் இருக்கிறது. 200,000 லிமிட்டில் 196,000 நின்றால், இந்த ஆளுக்கு மாசம் ஓட்டவே கார்ட் தேவைப்படுகிறது என்றுதான் யாரும் வாசிப்பார்கள். அன்று அந்தப் பிள்ளை வாசித்ததும் அதைத்தான்.

லிமிட் முட்டியதற்கும் தவணை பிந்தியதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. லிமிட் முட்டியது கடன் இறங்க இறங்க மாறிவிடும். தவணை பிந்தியது அந்தந்த மாசத்துக்கு எதிரே எழுதப்பட்டு நிற்கும், பிறகு முழுக்கடனையும் கட்டினாலும் அந்த மாசத்தைத் திருப்பி எழுத முடியாது. ஆகவே கையில் காசு குறைந்த மாசத்தில் பெரிய தொகை கட்ட முடியாவிட்டால் பரவாயில்லை, மினிமத்தையாவது கடைசித் திகதிக்கு முன்னமே கட்டிவிடுங்கள். மினிமத்தின் உண்மையான உபயோகம் அது மட்டும்தான்.

கடைசித் திகதி என்றவுடன் என் கதை ஒன்று. கடைசி நாள் வெள்ளி, அன்று போயா (பௌர்ணமி விடுமுறை). வங்கி பூட்டு. மற்ற வங்கிக் கணக்கில் இருந்து ஆப்பில் அனுப்பலாம் என்று பார்த்தால் எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பக்கம் மழைக்குச் சிக்னல் இல்லை. திங்கள் காலை டவுனுக்கு பஸ் ஏறிப் போய்க் கட்டினேன். பிந்தியதற்கான கட்டணம் விழுந்தது, வட்டியும் விழுந்தது. அதற்குப் பிறகு சம்பளம் விழுகிற 25ஆம் திகதியே கட்டிவிடுகிறேன். இன்னொரு லாபமும் உண்டு: கார்ட் வட்டி நாள் கணக்கில் ஏறுவது, பத்து நாள் முந்திக் கட்டினால் பத்து நாள் வட்டி மிச்சம். கூற்று அடிக்கிற திகதிக்கு முன்னமே கட்டினால், கூற்றில் விழுகிற நிலுவையும் சின்னதாக இருக்கும். லீசிங்குக்கோ வீட்டுக் கடனுக்கோ விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முந்தின இரண்டு மூன்று மாசமாவது இப்படிச் செய்யுங்கள்.

அப்புறம், கடன் இறங்கும்வரை கார்டைக் கையில் வைத்திருக்காதீர்கள். நான் என்னுடையதை அம்மாவின் தகரப் பெட்டியில், சீலைகளுக்கு அடியில் போட்டேன். 51 நாள் வரை வட்டி இல்லை என்று சொல்கிறார்களே, அது முழு நிலுவையையும் கட்டுபவருக்கு. பழைய கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக வாங்குகிற மாப் பைக்கும் பொதுவாக வாங்கின நாளில் இருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுக் காசு எடுப்பது இன்னும் மோசம்: எடுக்கவே ஒரு கட்டணம், வட்டியும் அந்த நிமிசத்தில் இருந்து. ஒரு கார்டில் காசெடுத்து மற்றதன் மினிமத்தைக் கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். கேட்டால் "ரோல் பண்ணுறேன்" என்பார்கள்.

இரண்டு கார்ட் இருந்தால் எதை முதலில்? வட்டி கூடியதை முதலில் முடி என்பதுதான் கணக்குச் சொல்வது. ஆனால் நம் நாட்டில் கார்டுகளின் வட்டி பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டித்தான் நிற்கிறது. அதனால் நான் சின்னதை, 60,000 லிமிட்டில் 55,000 நின்றதை, முதலில் அடித்தேன். பெரியதற்கு மினிமம் மட்டும். எட்டு மாசத்தில் சின்னது முடிந்ததும் அதற்குக் கட்டிய தொகை முழுவதையும் பெரியதோடு சேர்த்துக் கட்டினேன். சீட்டு விழுந்த மாசம் அந்தக் காசும் அதற்கே போனது. வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, கூரைத் தகரம் மாற்ற வைத்திருந்த சீட்டு அது.

நகை அடகு வைத்து கார்டை அடைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வட்டியை மட்டும் பார்த்தால் லாபம்தான். 2023 ஆகஸ்டில் கார்டுக்கு 28 என்று உச்சவரம்பு போட்ட அதே நேரத்தில் அடகுக்கு 18 என்றுதான் போட்டார்கள். ஆனால் அடைத்த கார்டை மறுபடி தேய்க்காமல் இருப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். தேய்த்தால் கார்ட் கடனும் இருக்கும், தோடும் போயிருக்கும். அதைவிட முதலில் வங்கியோடு பேசுங்கள். நிலுவையைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தருவார்கள், அல்லது வேறு வங்கிக்கு மாற்றலாம். கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் வட்டி என்னவாகும், இந்த இரண்டையும் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தவணை பிந்துவதற்கு முன் போனால் பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்கும், பிந்திய பிறகு போனால் அவர்கள் சொல்வதுதான்.

உங்கள் சொந்த கிரிப் அறிக்கையை நீங்களே எடுக்கலாம், பணியகத்தின் இணையத்தளம் வழியாகவோ வங்கி வழியாகவோ. எடுத்ததும் கார்டை மட்டும் பார்க்காமல் பிணையாளி என்ற பகுதியையும் பாருங்கள். நம் பக்கத்தில் இதுதான் பெரிய தலையிடி. பக்கத்து லயத்து அண்ணனின் லீசிங்குக்கு ஒரு கையெழுத்து, கூடப் படித்தவனுக்கு ஒரு கையெழுத்து என்று போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம், அவர்கள் கட்டாமல் விட்டால் அது நம் அறிக்கையிலும் தெரியும். அறிக்கையில் ஏதாவது பிழை இருந்தால் அதை அனுப்பிய வங்கிதான் திருத்த வேண்டும். எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு முத்திரை குத்திய பிரதியை வாங்கி வையுங்கள்.

இனிக் கடைசி மாசம். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கூற்றில் இருந்த 11,240 முழுவதையும் கட்டிவிட்டு, முடிந்தது என்று நான் அம்மாவுக்குப் பால்சோறு செய்யச் சொன்னேன். அடுத்த மாசம் 186 ரூபாய் என்று ஒரு கூற்று வந்தது. கூற்று அடித்த நாளில் இருந்து நான் கட்டிய நாள்வரைக்குமான வட்டி அது. 186 தானே என்று விட்டால் அதற்கும் பிந்திய கட்டணம் விழும், இத்தனை மாசம் பாடுபட்ட பிறகு அறிக்கையில் பிந்திய மாசமாகவும் பதிவாகலாம். ஆகவே கடைசித் தொகையைக் கட்டும் முன் வங்கிக்குப் பேசி, இன்றைய திகதிக்கு முழுத் தொகை எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள், அடுத்த கூற்றில் பூச்சியம் வருகிறதா என்றும் பாருங்கள்.

கார்டை மூடுவதென்றால் எழுத்தில் மூடச்சொல்லி, நிலுவை இல்லை என்று கடிதம் வாங்குங்கள். வெட்டிக் குப்பையில் போட்டால் கார்ட் மூடியதாகாது, வருடக் கட்டணம் வந்துகொண்டே இருக்கும். நான் சின்னதை மூடிவிட்டுப் பெரியதை வைத்துக்கொண்டேன். மாசம் போன் பில் மட்டும் அதில் போகிறது, 25ஆம் திகதி முழுவதையும் கட்டிவிடுவேன். தம்பியின் த்ரீவீலர் இப்போது டிக்கோயா பக்கம் ஓடுகிறது, பிணை கையெழுத்து மட்டும் நான் போடவில்லை.