போர்டிங் பாஸ் கையில் இருந்தும் விமானம் ஏற முடியாமல் போவது ஏன்?

ஆன்லைன் செக்-இன் முடிந்து சீட் நம்பரும் போனுக்கு வந்துவிட்டால், வெளிநாட்டுப் பயணத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வரும். சீட்டைப் பொறுத்தவரை அந்த நிம்மதி சரிதான். ஆனால் உங்கள் பாஸ்போர்ட்டையோ விசாவையோ அதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. நீங்கள் போனில் அடித்த எண்களை நிறுவனத்தின் கணினி வாங்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சில நிறுவனங்கள் செக்-இன் முடிந்த பிறகும் போர்டிங் பாஸ் தராமல் ‘ஆவணங்களைக் கவுண்டரில் காட்டவும்’ என்று மட்டும் சொல்லும். அதைப் பார்த்து ஆப் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம்.

சென்னை, திருச்சி போன்ற விமான நிலையங்களில் வாசலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரர் பார்ப்பது, டிக்கெட்டும் அடையாள ஆவணமும் ஒரே ஆளுடையதா என்பதைத்தான். உண்மையான பரிசோதனை உள்ளே இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலில் விமான நிறுவனத்தின் கவுண்டர். அங்கே பார்ப்பது, நீங்கள் போகும் நாடு உங்களை உள்ளே விடுமா என்பதை. அந்த நாடு விடாவிட்டால் உங்களைத் திருப்பிக் கூட்டிவரும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகள் அபராதமும் போடும். அதனால் கவுண்டரில் இருப்பவர், எந்த நாட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லும் ‘டைமேட்டிக்’ தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு பார்ப்பார். அவரிடம் வாதாடிப் பயனில்லை. அடுத்தது இமிகிரேஷன். அங்கே கேள்வி வேறு: இந்தியாவை விட்டுப் போக உங்களுக்குத் தடை ஏதும் இருக்கிறதா, போவதற்கு நீங்கள் சொல்லும் காரணம் உண்மையா? கவுண்டரில் சரி சொன்னார்களே என்பது இமிகிரேஷனில் செல்லாது.

பெயர்தான் பெரிய தலைவலி

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. நம்மில் பலருக்கு இருப்பது இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். முருகன்’ என்று இருப்பவர், பாஸ்போர்ட்டில் ‘கிவன் நேம்’ கட்டத்தில் முருகன், ‘சர்நேம்’ கட்டத்தில் சுப்பையா என்று ஆகியிருப்பார். டிக்கெட் போடும் டிராவல்ஸ்காரர் ஆதாரைப் பார்த்து ‘முருகன் எஸ்’ என்று போட்டுவிட்டால், பாஸ்போர்ட்டில் ஓர் ஆள், டிக்கெட்டில் வேறோர் ஆள். உள்நாட்டு விமானத்தில் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளிநாடு என்றால் கவுண்டரில் இருப்பவர் மனது வைத்தால்தான் உண்டு.

ஒப்பிட வேண்டியது, பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்துக்கு அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளை. ஒவ்வொரு வரிக்கும் 44 இடங்கள். இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் சர்நேம் முதலில் வரும், இரண்டு அம்புக்குறி தள்ளிக் கிவன் நேம் வரும். டிக்கெட்டிலும் அதே எழுத்துகள், அதே பிரிப்பு இருக்க வேண்டும். சுப்ரமணியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா தெரியாது. பாஸ்போர்ட்டில் இருக்கும் ஒன்று மட்டும்தான் செல்லும்.

சர்நேம் கட்டமே காலியாக இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவிலோ இருக்கும் ஒரே பெயரைச் சர்நேமாக வைத்து, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சடித்துவிடுவார்கள். டிக்கெட்டில் இதை எப்படிப் போடுவது? சில நிறுவனங்கள் இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரைப் போடச் சொல்லும், சில வேறு மாதிரி சொல்லும். நீங்கள் போகும் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. அடிக்கடி வெளிநாடு போகிறவராக இருந்தால், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே தந்தை பெயரை சர்நேமாகச் சேர்த்துவிடுங்கள். வாழ்நாள் முழுக்கக் கவுண்டரில் நின்று விளக்கம் சொல்வதற்கு அது எவ்வளவோ மேல்.

பெயரில் பிழை தெரிந்தால் திருத்திவிட்டுத்தான் செக்-இன் செய்ய வேண்டும். செக்-இன் முடிந்துவிட்டால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டிவரும், அப்புறம்தான் திருத்தம். டிராவல்ஸ் மூலம் எடுத்த டிக்கெட் என்றால், ‘அவர்களிடமே கேளுங்கள்’ என்று நிறுவனம் கைகாட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டிராவல்ஸ்காரர் போன் எடுப்பாரா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

காலாவதித் தேதியைக் கடந்து பாருங்கள்

பாஸ்போர்ட் இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே என்பது பலர் சொல்லும் சமாதானம். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் எல்லாம் போய்ச் சேரும்போது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்கின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம். குடும்பமாகப் போகும்போது இதில் மாட்டுவது பெரும்பாலும் குழந்தையின் பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு 10 ஆண்டு, சிறுவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுதான். எல்லாருக்கும் ஒன்றாக எடுத்ததால் ஒன்றாகவே முடியும் என்று நினைத்துவிடுகிறோம்.

புதுப்பித்தவர்களுக்கு வேறொரு பொறி. விமான நிறுவனத்தின் ஆப்பில் போன பயணத்தின்போது சேமித்த பழைய பாஸ்போர்ட் எண் தானாகவே வந்து நிற்கும்; நாமும் பார்க்காமல் அடுத்த பக்கம் போய்விடுவோம். இந்தியப் பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. கையில் உள்ளதோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். கடைசிப் பக்கத்தில் இருக்கும் நீளமான ஃபைல் எண் வேறு, அதை அடித்துவிடாதீர்கள். விசாவும் இதில் சேர்த்தி. அமீரகம், சிங்கப்பூர் தரும் மின்னணு விசா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டிப்போட்டது. விசா வாங்கிய பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் அது உதவாது. அமெரிக்க விசா அப்படியில்லை. பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா செல்லுபடியாக இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம்.

கிழிந்த பக்கம், தண்ணீரில் ஊறிய அட்டை, குழந்தை கிறுக்கிய பக்கம் ஆகியவற்றுக்கும் திருப்பி அனுப்புவார்கள். பாஸ்போர்ட்டில் ஸ்டேப்ளர் அடிக்கும் ஏஜென்ட்டிடம் அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இன்னொன்று வருகை அட்டை, அதாவது போய்ச் சேரும் நாட்டுக்கு உங்கள் பயண விவரங்களைச் சொல்லும் படிவம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் இப்போது இதை ஆன்லைனில் நிரப்பச் சொல்கின்றன. தாய்லாந்தில் 2025 மே 1 முதல். மூன்றும் இலவசம். போய்ச் சேரும் தேதிக்கு மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். தேடுபொறியில் முதலில் வரும் தளத்தில் நுழைந்து, பணம் கட்டி, அரசாங்கக் கட்டணம் என்று நினைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பணம் கேட்டாலே அது வேறு யாரோ நடத்தும் தளம்.

நடு ராத்திரி விமானம்

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கிளம்புபவை. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:40 என்று இருந்தால், 14ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டை முடித்ததும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமில்லாமல் 15ஆம் தேதி ராத்திரி வந்து நிற்பார்கள். ஆன்லைன் செக்-இன் வழக்கமாக 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் திறக்கும். எதிர்பார்த்ததைவிட ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிட்டால், தேதியை மறுபடி பாருங்கள்.

செக்-இன் ஆகிவிட்டதால் தாமதமாகப் போகலாம் என்பதும் தப்புக் கணக்கு. பெட்டி போட வேண்டுமானாலும் ஆவணம் காட்ட வேண்டுமானாலும் கவுண்டருக்குத்தான் போக வேண்டும். பல நிறுவனங்கள் அதை விமானம் கிளம்ப 60 நிமிடம் இருக்கும்போது மூடிவிடும், சில 75 நிமிடம் இருக்கும்போதே. மூன்று மணி நேரம் முன்னால் வாருங்கள் என்று சொல்வது சும்மா இல்லை.

இமிகிரேஷன் கேள்விகள்

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ‘இ.சி.ஆர்.’ (எமிக்ரேஷன் செக் ரிக்கொயர்டு, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் சோதனை தேவை) என்று இருக்கும். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர்கள் சவுதி, குவைத், அமீரகம், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே அரசின் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதிக்கு அலைவானேன் என்று, விசிட் விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. இமிகிரேஷனில் ‘டூர் போகிறேன்’ என்று சொல்லச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். திரும்பும் டிக்கெட் எங்கே, எங்கே தங்குகிறீர்கள், செலவுக்கு யார் பணம் என்று மூன்று கேள்வி கேட்டால் கதை முடிந்தது. தாய்லாந்தில் வேலை என்று ஆசை காட்டிக் கூட்டிப்போய் மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கவைப்பதைப் பற்றி 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அந்தப் பக்கம் தனியாகப் போகும் இளைஞர்களிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் கோபப்பட வேண்டாம். உண்மையாகவே சுற்றிப்பார்க்கப் போகிறவர் ஓட்டல் பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் அச்சடித்துக் கையில் வைத்திருந்தால் போதும்.

வரிசையைத் தவிர்க்க, முகத்தை அடையாளம் கண்டு உள்ளே விடும் டிஜி யாத்ரா இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது உள்நாட்டுப் பயணத்துக்கானது. இமிகிரேஷனில் நேரத்தை மிச்சப்படுத்த வேறு திட்டம் இருக்கிறது. எஃப்.டி.ஐ.-டி.டி.பி. (ஃபாஸ்ட் டிராக் இமிகிரேஷன் – டிரஸ்டட் டிராவலர் புரோகிராம்) என்ற அதில் ஆன்லைனில் விண்ணப்பித்து, ஒருமுறை கைரேகையும் முகப்பதிவும் கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியே போகலாம். 2025 ஜனவரியில் சென்னைக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் வந்துவிட்டது. கட்டணம் கிடையாது. விண்ணப்பத்தை முன்பே போட்டு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்; பாஸ்போர்ட்டும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.