மான் வேட்டைக்கு மெக்கானிக்கல் பிராட்ஹெட்டா ஃபிக்ஸ்டா, எது உழைக்கும், எப்படி செக் பண்றது

அமெரிக்காவுல மிச்சிகன்ல வில்லால மான் அடிக்கற சீசன் அக்டோபர் 1 தொடங்கி நவம்பர் 14 வரைக்கும், நடுவுல துப்பாக்கி சீசன், அப்புறம் திரும்ப டிசம்பர் 1ல இருந்து. செப்டம்பர் வந்துட்டா இங்க புதுசா காம்பவுண்ட் வில் வாங்கின நம்ம ஆளுங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், மெக்கானிக்கல் வாங்கினா ஒரே மானோட போயிடுமாமே, ஃபிக்ஸ்டு வாங்கினா காலத்துக்கும் வருமாமே, நெஜமா? பாதி நெஜம். பிராட்ஹெட்னா அம்பு நுனில மாட்டற, பிளேடு வச்ச முனை. ஃபிக்ஸ்டுல பிளேடு அசையாம நிக்கும், மெக்கானிக்கல்ல பறக்கறப்ப மடங்கி இருந்து மான் மேல பட்டதும் விரியும். ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், இது இங்க லைசென்ஸ் எடுத்து வைட்டெயில் மானுக்குப் போறவங்களுக்கு மட்டும்.

சட்டத்தை முதல்ல பாத்துக்கங்க. மிச்சிகன்ல பிராட்ஹெட் கொறைஞ்சது 7/8 இன்ச் அகலம் இருக்கணும், அம்பு 14 இன்ச்சுக்குக் கொறையக்கூடாது. மெக்கானிக்கலை ரொம்ப வருஷம் அனுமதிக்காம வச்சிருந்த மாநிலங்களும் உண்டு, அதனால வேற மாநிலம் போறீங்கன்னா அந்த வருஷத்து விதிப் புத்தகத்தை பாக்காம கிளம்பாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். உழைக்கும்னு சொல்றப்ப பிளேடை மட்டும் பாக்காதீங்க. பிராட்ஹெட்ல முனை இருக்கு, பிளேடு இருக்கு, ரெண்டையும் தாங்கற நடுத்தண்டு இருக்கு, அதைத்தான் ஃபெரூல்னு சொல்றோம். பிளேடு மழுங்கினா தீட்டலாம், உடைஞ்சா மாத்தலாம். ஃபெரூல் ஒரு மயிரிழை வளைஞ்சாலும் அந்த ஹெட் கதை முடிஞ்சது, அதை வச்சு அடிச்சா அம்பு நேரா போகாது. அலுமினியம் ஃபெரூல்தான் சீக்கிரம் வளையும், ஸ்டீலும் டைட்டானியமும் தாங்கும். ஜி5 மான்டெக்ங்கற ஃபிக்ஸ்டு ஹெட் மாதிரி ஒரே துண்டு ஸ்டீல்ல வர்றதுல கழண்டு போறதுக்குன்னு எதுவுமே இல்லை. அயர்ன் வில்ங்கற பிராண்டுல ஏ2 டூல் ஸ்டீல் பிளேடு, தடிமன், விலையும் அதுக்கேத்த மாதிரி. மஸ்ஸி, ஸ்லிக் ட்ரிக் எல்லாம் பிளேடு மாத்தற வகை, மெல்லிசு பிளேடு, ஆனா பெட்டில இருந்து எடுக்கறப்பவே நல்ல கூர்.

மெக்கானிக்கல் ஏன் சீக்கிரம் போகுதுன்னா காரணம் நெம்புவிசைதான். ரேஜ் ஹைப்போடெர்மிக் விரிஞ்சா 2 இன்ச் வெட்டு, அப்படின்னா பிளேடோட நுனி நடுத்தண்டுல இருந்து 1 இன்ச் தள்ளி நிக்குது. வெட்டு 1 இன்ச்சை ஒட்டின ஃபிக்ஸ்டுல அது அரை இன்ச்தான். எலும்பு அந்த நுனில இடிச்சா மெக்கானிக்கல் பிளேடோட அடில விழற வளைக்கற விசை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதையும் தாங்க வேண்டியது பிளேடைக் கோத்து வச்சிருக்கற ஒரு சின்ன ஆணி, அதாவது பின்னும், அதுக்குப் போட்ட ஓட்டையும்தான். கறிக்கடையில எலும்பு வெட்டற கத்தி தடிமனாவும் சதை அறுக்கற கத்தி மெல்லிசாவும் இருக்கே, அதே கணக்குதான் இங்கயும். விலா எலும்பு ரெண்டு வகைக்குமே பிரச்சினை இல்லை, அம்பு உள்ள போய் அந்தப் பக்கம் வந்துடும். முன்சப்பை எலும்புலயோ அதுக்குக் கீழ இருக்கற மேல்கால் எலும்புலயோ பட்டா அங்கதான் வித்தியாசம் தெரியும்.

எட் ஆஷ்பின்னு ஒருத்தர், ஆப்பிரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் பெரிய மிருகங்களை வச்சு பல வருஷம் அம்பு எவ்ளோ ஆழம் போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணவர். ஆழத்துக்கு வேணுங்கறதுல அவர் முதல் இடம் குடுக்கறது உறுதிக்குத்தான், ஹெட்ல இருந்து அம்பு வரைக்கும் எதுவும் உடையக்கூடாது, உடைஞ்ச நொடியே ஆழம் போச்சு. ஆனா இதை மட்டும் வச்சு மெக்கானிக்கலை ஒதுக்காதீங்க. மேரிலாந்துல இண்டியன் ஹெட் கடற்படைத் தளத்துல வில் வேட்டைக்காரங்க அடிச்ச மான் கணக்கை வருஷக்கணக்கா எழுதி வச்சிருந்தாங்க, அதுல ஃபிக்ஸ்டு பட்ட மான்ல சுமார் 82 சதவீதமும் மெக்கானிக்கல் பட்டதுல சுமார் 91 சதவீதமும் கைக்குக் கிடைச்சிருக்கு. அகலமான காயம், நல்ல ரத்தத்தடம், சுலபமா தேடிடலாம், அதான் காரணம்னு நான் நினைக்கறேன். அடிபட்ட மான் கிடைக்காம காட்டுக்குள்ள கிடந்து சாகறதை விட மோசமானது இந்த வேட்டைல எதுவும் இல்லை, அதனால இந்தக் கணக்கை நான் லேசா எடுத்துக்க மாட்டேன்.

அப்ப எதை வாங்கறது? உங்க அம்போட சக்தியை கணக்கு போடுங்க. அம்பு எடை கிரெயின்ங்கற சின்ன எடை அளவுல, வேகம் வினாடிக்கு எத்தனை அடி, வேகத்தை வேகத்தாலயே பெருக்கி, அதை எடையால பெருக்கி, 450240ஆல வகுத்தா அடி-பவுண்டு கிடைக்கும். 420 கிரெயின் அம்பு 270 அடி வேகத்துல போனா 68, அதுக்கு மெக்கானிக்கல் தாராளமா போடலாம். 380 கிரெயின் 215 அடின்னா 39தான், பிளேடை விரிக்கறதுக்கே கொஞ்சம் செலவாயிடும், அங்க ஃபிக்ஸ்டுதான் போடணும். 45 பவுண்டு வில் இழுக்கற பொம்பளைங்களுக்கும் பசங்களுக்கும் கடைல யாராவது 2 இன்ச் மெக்கானிக்கலை குடுத்தா தயவுசெஞ்சு வேணாம்னு சொல்லுங்க.

வாங்கினதும் ஒவ்வொரு ஹெட்டையும் அம்புல மாட்டி, முனையை மேஜைல குத்த வச்சு அம்பை விரலால பம்பரம் மாதிரி சுத்துங்க. ஹெட்டும் அம்பும் சேர்ற இடத்துல ஆட்டம் தெரிஞ்சா வேற அம்புல மாட்டிப் பாருங்க, அப்பவும் ஆடினா ஹெட்தான் கோணல், கடைல திருப்பிக் குடுத்துடுங்க. மெக்கானிக்கல்ல பிளேடை புடிச்சு வைக்கற ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் காலரோ இருக்கும், அதை ஒரு ராத்திரி வெளில குளிர்ல வச்சுட்டு காலைல செக் பண்ணுங்க, டிசம்பர்ல சிலது விறைச்சு வெடிச்சுடும். பரண்ல உக்காந்து அம்பை எடுக்கறப்ப பிளேடு தானா விரிஞ்சு நின்னா அந்த ஷாட்டே போச்சு. செவர் (Sevr) பிராண்டு மாதிரி சிலதுல பிளேடை பூட்டி வச்சு பிராக்டிஸ் பண்ற வசதி இருக்கு, அது இல்லாத பிராண்டுன்னா பிராக்டிஸ் ஹெட் தனியா வாங்கிக்கங்க, ஃபோம் டார்கெட்ல அடிச்ச பிளேடை வேட்டைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, ஃபோம் பிளேடோட கூர்மையை தின்னுடும்.

மான் அடிச்சதுக்கு அப்புறம் பண்ற செக்தான் ரொம்ப முக்கியம். பல ஹெட்டு மான்ல கெடறது இல்லை, மானைத் தாண்டி அந்தப் பக்கம் போய் மண்லயும் கல்லுலயும் மோதிக் கெடுது. கையில கிளவுஸ் போட்டு எடுத்ததும் முதல்ல பிளேடை எண்ணுங்க. ஒண்ணு கொறைஞ்சா அது கறிக்குள்ள இருக்கலாம், உரிக்கறப்ப உங்க கையையோ கறி வெட்டித் தர்றவர் கையையோ கிழிச்சுடும், அவர்கிட்ட மறக்காம சொல்லுங்க. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு, பழைய டூத்பிரஷ், மெக்கானிக்கல்னா பிளேடை விரிச்சு மடக்கி அந்த பின் இடுக்குல காஞ்ச ரத்தம், மயிர், மண்ணு எல்லாம் போற வரைக்கும் தேய்ங்க. இதை விட்டுட்டா அடுத்த தடவை பிளேடு பாதிதான் விரியும். நல்லா காயவச்சு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க, திரும்ப பம்பர டெஸ்ட். அம்பையும் விட்டுடாதீங்க, கார்பன் அம்பை காதுகிட்ட வச்சு லேசா வளைச்சு விடுங்க, சடசடன்னு சத்தம் வந்தா உள்ள கீறல், உடைச்சுப் போட்டுடுங்க.

மான்டெக் மாதிரி மூணு பிளேடு ஒரே துண்டுல இருந்தா தீட்டறது ரொம்ப சுலபம், ரெண்டு பிளேடை ஒண்ணா சாணைக்கல்லுல படுக்க வச்சு முன்னால தள்ளுங்க, திருப்பித் திருப்பி மூணு பக்கமும் அதே எண்ணிக்கை. ஓரத்துல மார்க்கர்ல கோடு போட்டு தீட்டினா மை எங்க போகலையோ அங்க கல்லு படலைன்னு தெரிஞ்சுடும். மாத்தற வகை மெல்லிசு பிளேடை தீட்டி நேரத்தை வீணாக்காதீங்க, புதுசு போடுங்க. கூர் இருக்கான்னு பாக்க ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் புடிச்சு பிளேடுல லேசா தொடவைங்க, உடனே அறுந்துடணும், தேய்ச்சாத்தான் அறுபடுதுன்னா பத்தாது. விரலால பாக்கவே பாக்காதீங்க.

செலவுக் கணக்குக்கு வந்தா, நான் மெக்கானிக்கலை ஒரு மானுக்கு ஒண்ணுன்னுதான் வச்சுக்கறேன். பிளேடும் காலரும் மாத்தி, ஃபெரூல் நேரா இருந்து, பின் ஓட்டை பெருசாகாம இருந்தா மட்டும்தான் அடுத்த மான், அதுல சின்ன சந்தேகம் வந்தாலும் அதை பிராக்டிஸ் ஹெட்டா மாத்திடுவேன். நல்ல ஸ்டீல் ஃபிக்ஸ்டு ஹெட் கல்லுல மோதி முனை மடங்காத வரைக்கும் பல சீசன் வரும். அதனால விலையை மட்டும் பாத்து மெக்கானிக்கல் மலிவுன்னு முடிவு பண்ணாதீங்க, கூட ஒரு பாக்கெட் பிளேடு, ஒரு பாக்கெட் காலர் விலையையும் சேத்துப் பாருங்க. சீசன் நடுவுல கடைல காலர் தீந்துடும், செப்டம்பர்லயே வாங்கி வச்சுக்கங்க.