குமிழுக்குள் அடங்காத தமிழ்

மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைப் பாணியில் தமிழில் வரையத் தொடங்கியபோது என்னை மிகவும் படுத்தியது முகமோ கையோ அல்ல, வசனக் குமிழ்தான். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஓடுவதால் அங்கே குமிழ்கள் ஒடுங்கி உயரமாக இருக்கும். அதில் ‘சொல்லிக்கொண்டிருந்தேன்’ என்று எழுதினால் சொல் துண்டு துண்டாக உடைகிறது. எழுத்தைச் சிறிதாக்கவும் வழியில்லை. பி4 என்னும் பெரிய தாளில் வரைந்தது அச்சில் இன்னும் சுருங்கிவிடும்.

வரிசையை மாற்றினேன், சரியானது. ‘நேமு’ எனப்படும் முன்வரைவிலேயே வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றி அகலமான குமிழ் போட்டு, மிஞ்சிய இடத்தில்தான் ஆளை நிறுத்துகிறேன். கட்டங்களும் இடமிருந்து வலமாகத்தான். நம் கண் அப்படித்தானே நகர்கிறது!

புதியவர்களே, ஜி-பேனா முள் (மையில் தோய்த்து வரையும் உலோக முனை), டோன் தாள் (நிழல் காட்ட ஒட்டும் புள்ளித் தாள்) என்று அலையாதீர்கள். பென்சிலிலேயே 8 பக்கக் கதை ஒன்றை முடித்துவிடுங்கள். பிறகு முள் வாங்கினால், அதன் மேலுள்ள எண்ணெய்ப் பூச்சைத் துடைத்துவிட்டு மையில் தோயுங்கள். இல்லையென்றால் மை ஒட்டாது.