உள்ளங்கை, அக்குள் வியர்வை அடங்க

செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும்போது சட்டை நனைவது உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ளும் வேலை; அதைத் தடுக்க வேண்டாம். காற்றாடிக்குக் கீழே சும்மா உட்கார்ந்தும் அக்குளோ உள்ளங்கையோ சொட்டினால்தான் மருந்து.

மருந்தகத்தில் 20 விழுக்காடு அலுமினியம் குளோரைடு கேளுங்கள். படுக்கும் முன் பூசி, காலையில் கழுவுங்கள். இரவில் வியர்வை குறைவதால் மருந்து வியர்வைத் துளைக்குள் இறங்கி அடைக்கும். குளித்த ஈரத்திலேயே பூசுவதுதான் பலர் செய்யும் தவறு: நீரோடு சேர்ந்து அமிலமாகி எரியும். துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். சவரம் செய்த அன்று வேண்டாம். அடங்கியதும் வாரம் ஒன்றிரண்டு இரவு போதும். வாசனைப் பவுடர் நாற்றத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

புதிதாக உடம்பு முழுக்க, அதுவும் தூக்கத்தில் வியர்த்தால் அரசாங்க கிளினிக்கில் தைராய்டு, காசநோய்ச் சோதனை கேளுங்கள். இனிப்புநீர் மருந்து எடுப்பவர் நடுங்கி வியர்த்தால் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம்; 3 தேக்கரண்டி சீனியைக் கரைத்து உடனே கொடுங்கள். நெஞ்சு வலியோடு வியர்த்தால் 999 அவசர எண்ணை அழையுங்கள்.