பைபர் படகு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முல்லைத்தீவுக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் பைபர் படகுகள் புதிதில் எல்லாம் ஒன்றுபோலவே மினுங்கும். அந்த மினுக்கம் ஜெல்கோட் எனப்படும் வெளிப்பூச்சுக்கு உரியது; அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். கடலைத் தாங்குவது அதற்குப் பின்னால் ரெசின் எனப்படும் செயற்கைப் பிசினில் ஊறி இறுகிய கண்ணாடி நார். அச்சுக்குள் முதலில் மெழுகு, அடுத்து ஜெல்கோட், அதன்மேல் நார் என்று வெளியிலிருந்து உள்ளாகவே படகு உருவாவதால், இடையில் நேர்ந்த பிழையை வாங்குபவர் காண வழியில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகள் பலவற்றின் தரக்குறைவும் கடலில் இறக்கிய பின்னரே தெரியவந்தது.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, ரெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னரைக் கண்மதிப்பில் ஊற்றுவது. பொலியெஸ்டர் ரெசினுக்கு அதன் நிறையில் 1 முதல் 2 சதவீதம் வரை, அதாவது ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் வரை சேர்ப்பதே வழமை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வன்னியின் நண்பகல் வெயிலில் கலவை சில நிமிடங்களிலேயே கட்டிபடத் தொடங்கும் என்பதற்காகச் சிலர் ஹார்ட்னரை அரைச் சதவீதத்துக்கும் கீழே குறைத்துவிடுகிறார்கள். அந்த ரெசின் தொடுவதற்கு இறுகியதுபோல இருந்தாலும் முழுப் பலத்தை ஒருபோதும் அடையாது. அளவைக் குறைப்பதைவிட, விடியற்காலையில் கொட்டகை நிழலில் சிறிது சிறிதாகக் கலந்து வேலை செய்வதே சரி. வாடியோரம் கலந்துவிட்டு மறந்துபோன அரை வாளி ரெசின் தன் சூட்டிலேயே புகைந்து, பிளாஸ்ரிக் வாளியின் அடி இளகிச் சரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் கரைசலைத் தனியாகச் சேர்ப்பவர்கள் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும்.

ஜெல்கோட்டை மெல்லியதாகப் பூசுவதும், அது இறுகுமுன் அடுத்த படையை வைப்பதும் ஒரே விளைவைத் தரும்: மேல் ரெசின் அதை அரித்து, தோல் சுருங்கியதுபோல ஆக்கிவிடும். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் எதுவும் ஒட்டி வரக் கூடாது. அதுவே ‘மேட்’ எனப்படும் நார் விரிப்பை வைக்கும் பதம்.

ரெசினைக் கூட்டினால் பலம் கூடும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. நாரில்லாத ரெசின் நொருங்கும் பொருள். மேட்டின் நிறையைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். வெண்மையாகத் தெரியும் இடத்தில் நார் நனையவில்லை என்று பொருள். அங்கே மேலும் ரெசினை ஊற்றுவதற்குமுன் உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். இறுகிய பின் நாணயத்தால் தட்டிப் பார்த்தால், காற்று அடைபட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். நேரம் மிச்சம் என்று பல படைகளை ஒரேயடியாக அடுக்கினால் சூடேறி உடல் முறுகும். பல நாள் காய்ந்த படையின்மேல் தேய்க்காமல் ஒட்டினால் புதிய படை உரிந்து வரும்.

பாய்மரப் படகில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. காற்று பாயைத் தள்ளும்போது பாய்மரத்தின் அடி கீழ்நோக்கி அழுத்தும், அதைத் தாங்கும் கயிறுகளோ படகின் ஓரங்களை மேலே இழுக்கும். அந்த இடங்களில் கூடுதல் படைகளோ உள்ளே பதித்த பலகையோ இல்லாமல் வெறும் தோலில் ஆணி முடுக்கினால் சில பருவங்களிலேயே வெடிப்பு விழும். ஒட்டுப்பலகையில் துளைக்கும் ஒவ்வொரு துளையையும் ரெசினால் அடைக்காவிட்டால், உள்ளே இறங்கும் தண்ணீர் பலகையை உக்கச் செய்யும். வெளித்தோல் அப்போதும் மினுங்கிக்கொண்டே இருக்கும்.

மாரிக்காலத்தில் ஈரம் பட்ட மேட்டைப் பயன்படுத்தவே கூடாது. அச்சிலிருந்து படகை அவசரப்பட்டுக் கழற்றுவதும் ஆகாது: உள்வங்குகள் எனப்படும் உட்சட்டங்களையும் குறுக்குப் பலகைகளையும் பொருத்தி ஒட்டுமுன் கழற்றிய உடல் இரு பக்கமும் அகன்றுவிடும், பிறகு மேல்தட்டு அதில் பொருந்தாது.