ஒரு நோட்டும் ஸ்டாப்வாட்சும் போதும்: மாணவர்கள் தங்கள் உடற்தகுதியைத் தாங்களே அளந்து பார்க்கும் முறை

"நீ ஃபிட்டா இருக்கியா?" என்று ஒரு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். "நான் நல்லா ஓடுவேன்" என்பார், அல்லது "நான் கொஞ்சம் குண்டு" என்பார். இரண்டுமே பாதிப் பதில்தான். நன்றாக ஓடுகிறவருக்குக் குனிந்து கால்விரலைத் தொட வராது. ஒல்லியாக இருப்பவர் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவார்.

உடல்நலம் சார்ந்த உடற்தகுதி என்பது ஐந்து விஷயங்கள் சேர்ந்தது: இதயமும் நுரையீரலும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கின்றன, தசைக்கு எவ்வளவு வலு, அந்த வலு எவ்வளவு நேரம் நிற்கிறது, மூட்டுகள் எவ்வளவு வளைகின்றன, உடலில் கொழுப்பும் மற்ற திசுக்களும் எந்த அளவில் இருக்கின்றன. வேகம், சமநிலை, அனிச்சையாகத் துள்ளும் சுறுசுறுப்பு எல்லாம் விளையாட்டுத் திறன் சார்ந்தவை. அவை வேறு கணக்கு.

தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் எண்களைப் பக்கத்தில் இருப்பவரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். இன்றைய உங்கள் எண்ணை, எட்டு வாரம் கழித்து வரும் உங்கள் எண்ணோடு ஒப்பிடத்தான் இத்தனை ஏற்பாடும். அதனால் இரண்டு முறையும் ஒரே மாதிரி அளக்க வேண்டும். அளக்கும் முறை மாறினால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

தயாராவது

ஒரு நோட்டு, ஸ்டாப்வாட்ச், அளவுநாடா, ஸ்கேல், ஒரு நண்பர். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் நடந்து, மெதுவாக ஓடி, உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களும், உடற்பயிற்சியின்போது மயங்கி விழுந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். காய்ச்சல் இருந்தால் இன்னொரு நாள் பார்க்கலாம். நடுவில் நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

1. காலை நாடித்துடிப்பு

இதைப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்ததுமே எடுக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பும். முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களின் இதயம் ஒரு துடிப்பிலேயே அதிக ரத்தத்தைத் தள்ளுவதால், அவர்களுக்கு எண் 60-க்குக் கீழேயும் இறங்கும்.

2. உட்கார்ந்து எட்டுதல்

1952-இல் வெல்ஸ், டில்லன் என்ற இருவர் அறிமுகப்படுத்திய சோதனை. காலணியைக் கழற்றிவிட்டு, கால்களை நீட்டி உட்காருங்கள். பாதங்கள் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கட்டும். பாதம் படும் கோடுதான் பூஜ்யம். பெட்டியின் மேல் ஸ்கேலை வைத்து, ஒரு கைமேல் மற்றொரு கையை வைத்து மெதுவாக முன்னால் நகர்த்துங்கள். எட்டிய இடத்தில் இரண்டு வினாடி நிற்க வேண்டும். பாதத்தைத் தாண்டினால் கூட்டல் கணக்கு, தாண்டாவிட்டால் கழித்தல். மூன்று முறை செய்து சிறந்ததை எழுதுங்கள்.

பலரும் இரண்டு தப்பு செய்வார்கள்: ஒரு உந்து உந்தி விரலைத் தொட்டுவிட்டுப் பின்வாங்குவது, முழங்காலை லேசாகத் தூக்குவது. நண்பர் முழங்காலைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். கால் நீளமானவர்களுக்கு எண் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

3. தசை வலிமையும் தாங்குதிறனும்

ஒரே முறை அதிகபட்சமாக எவ்வளவு தூக்க முடியும் என்பது வலிமை. கருவி இருந்தால் கைப்பிடியை இறுக்கி அளக்கலாம். இல்லாவிட்டால் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டி, பின்னால் இருக்கும் குதிகால் வரை அளந்துகொள்ளுங்கள். இதில் வேகமும் கலந்திருக்கிறது என்றாலும் காலின் வலு ஓரளவு தெரிந்துவிடும். கனமான எடையைத் தூக்கிப் பார்க்கும் சோதனையைப் பயிற்சியாளர் இல்லாமல் செய்யவே கூடாது.

தாங்குதிறனுக்குப் புஷ்-அப். மூன்று வினாடிக்கு ஒன்று என்ற நிதானத்தில் நண்பர் "கீழே... மேலே..." என்று சொல்ல வேண்டும். முழங்கை செங்கோணமாக மடங்கும் வரை இறங்கினால்தான் ஒன்று. நண்பர் நின்றபடி எண்ணினால் இது தெரியாது. தரையில் உட்கார்ந்து, முழங்கை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் தெரியும்: ஏழாவது எட்டாவதில் இடுப்பு தொய்ய ஆரம்பிக்கும், முழங்கை பாதியிலேயே நின்றுவிடும், தலை மட்டும் கீழே போய் வரும். இப்படி இரண்டாவது முறை தப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒழுங்காகச் செய்த ஆறு, அரைகுறையான இருபதை விட மேல். அந்த ஆறைத்தான் அடுத்த முறை ஒப்பிட முடியும். முழங்காலை ஊன்றிச் செய்வதும் சரிதான். ஆனால் நோட்டில் அதைக் குறித்துவைத்து, அடுத்த தடவையும் அப்படியே செய்யுங்கள்.

வயிற்றுத் தசைக்குப் பிளாங்க்: முழங்கைகளையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி, உடம்பை நேராக வைத்து அசையாமல் தாங்குவது. இடுப்பு தொய்ந்த வினாடியில் ஸ்டாப்வாட்சை நிறுத்துங்கள்.

4. இதயமும் நுரையீரலும்

இதைப் புஷ்-அப்புக்குப் பிறகு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஓடிக் களைத்த பிறகு செய்த புஷ்-அப் எண்ணிக்கையை நம்ப முடியாது.

மைதானம் இருந்தால் 12 நிமிட ஓட்டம். கென்னத் கூப்பர் என்ற மருத்துவர் அமெரிக்க விமானப்படை வீரர்களை வைத்து ஆராய்ந்து 1968-இல் வெளியிட்ட முறை இது. 12 நிமிடத்தில் எத்தனை மீட்டர் போனீர்கள் என்பதுதான் கணக்கு, நடுவில் நடக்கலாம். தூரத்திலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடலால் பயன்படுத்த முடியும் என்ற மதிப்பீடு வரும். 2000 மீட்டர் என்றால் ஏறக்குறைய 33.4. இது பெரியவர்களை வைத்துப் போட்ட சூத்திரம் என்பதால், மாணவர்கள் தூரத்தை மட்டும் எழுதிக்கொண்டாலே போதும். முதல் சுற்றில் பாய்ந்து ஓடாதீர்கள். பக்கத்தில் வருபவரோடு ஒரு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஆரம்பித்தால், கடைசி இரண்டு நிமிடத்துக்குத் தெம்பு மிஞ்சும்.

இடம் இல்லையா? 30 செ.மீ. உயரப் படி ஒன்று போதும். நிமிடத்துக்கு 24 முறை வீதம், மூன்று நிமிடம் ஏறி இறங்குங்கள். போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 96 தட்டு என்று வைத்தால் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி: மேல், மேல், கீழ், கீழ். முடிந்ததும் உடனே உட்கார்ந்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். தகுதி கூடக்கூட இந்த எண் குறையும்.

5. உடல் அமைவு

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ, அதாவது உடல் நிறை குறியீட்டெண். 50 கிலோ, 1.6 மீட்டர் என்றால் 19.5. பெரியவர்களுக்கான 18.5, 25 என்ற எல்லைகள் வளரும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. 5 முதல் 19 வயது வரை உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட, வயதும் பாலினமும் பார்க்கும் அட்டவணை தனியாக இருக்கிறது. தசை எது, கொழுப்பு எது என்று பிஎம்ஐக்குத் தெரியாது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒருவருடைய எடையைச் சத்தமாக வாசிக்காதீர்கள். ஒருமுறை எல்லோர் முன்னும் கூனிக்குறுகிய பிள்ளை, அடுத்த சோதனை நாளன்று வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடும். தனியாக அழைத்து, எண்ணை அவர் நோட்டில் அவரே எழுதிக்கொள்ள விடுங்கள்.

அப்புறம் என்ன?

ஐந்தில் எது பின்தங்கியிருக்கிறதோ அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாங்க் பலவீனம் என்றால் வாரத்தில் மூன்று நாள் அதைச் செய்யுங்கள். 5 முதல் 17 வயதுள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டும் சைக்கிளும் வேகநடையும் அதில் சேரும்.

நோட்டில் எண்களுக்குப் பக்கத்திலேயே நேரம், இடம், போட்டிருந்த காலணி, வெயிலா மழையா, முந்தைய இரவு எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்றெல்லாம் குறித்துவையுங்கள். அடுத்த பக்கத்தின் மேலே எட்டு வாரம் கழித்து வரும் தேதியை இப்போதே எழுதி, கீழே ஐந்து வரிகளைக் காலியாக விட்டுவிடுங்கள்.