போனில் இருக்கிற ஆதாரத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகுமுன் செய்யக்கூடாதவை

கைமாற்றுக் கடன், வயல் குத்தகைப் பாக்கி, கடை வாடகை என்று பாளையங்கோட்டை கோர்ட்டுக்குப் போகிற சிவில் வழக்குகளில் சிலவற்றுக்குப் புரோநோட்டே இருக்காது. "அண்ணாச்சி, பிசானம் அறுத்ததும் தந்துருதேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவும், ஜிபே ரசீதும்தான் கையில் இருக்கும். அதுவும் ஆதாரம்தான். தயார் பண்ணுகிறேன் என்று நாமே அதைத் திருத்தப் போகிறோம் பாருங்கள், அங்கேதான் கெடுகிறது.

வேண்டிய வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மீதியை வெட்டிவிடுவது முதல் தவறு. முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. உரையாடல் முழுதாக, தேதி தெரிய இருக்க வேண்டும். இன்னொன்று, திரையில் மேலே தெரிவது நீங்கள் சேமித்து வைத்த பெயர்தான், அதை யாருக்கு வேண்டுமானாலும் வைக்கலாம், அதனால் அந்த எண் தெரிகிற பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

குரல் பதிவில் இரைச்சலை நீக்குவது, பாதியை வெட்டுவது, வேறு வடிவத்துக்கு மாற்றுவது எதுவும் வேண்டாம். அதை எழுத்தில் கொடுக்கும்போது பேசியபடியே எழுதுங்கள். "தாரேம்லா" என்று சொல்லியிருந்தால் அதை "தருகிறேன்" என்று ஆக்காதீர்கள். பதிவைக் கேட்பவருக்கு ஒன்றும் தாளில் வேறொன்றும் கிடைத்தால் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

வக்கீலுக்கு போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேரம், இடம் பற்றி உள்ளே இருந்த தகவலும் போய்விடும். கேபிள் போட்டு பென்டிரைவில் எடுத்துக் கொடுங்கள். வில்லங்கச் சான்று, பட்டா இவற்றையும் அப்படித்தான்: டிஜிட்டல் கையொப்பத்தோடு இறங்கிய பிடிஎஃப்பை அச்சடித்துத் திரும்ப ஸ்கேன் செய்தால் கையொப்பத்தின் படம் மட்டும் மிஞ்சும், சரிபார்க்க ஒன்றும் இருக்காது.

அந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மெசேஜ் தானாக மறைகிற வசதி ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நகல் ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள், 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

இனி சான்றிதழ், அதாவது மின்னணு ஆதாரத்தின் நகலோடு சேர்த்துக் கோர்ட்டில் கொடுக்க வேண்டிய சான்று. பலர் சறுக்குகிற இடம் இதுதான். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு நடப்பில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய சட்டம்தான், ஆகவே நண்பர் வழக்கில் போட்ட சான்றிதழை அப்படியே காப்பியடிக்காதீர்கள். புதிய படிவத்தில் ஏ, பி என்று இரண்டு பாகம். ஒன்றில் சாதனத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர். இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் கைரேகை போன்ற குறியீட்டை, குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் இந்த மதிப்பு வேறாகிவிடும், அதனால் சான்றிதழ் எழுதிய பிறகு கோப்பைத் திறந்து எதையாவது மாற்றிச் சேமித்தால் அந்தச் சான்றிதழ் அந்தக் கோப்புக்குப் பொருந்தாது.

சாதனம் உங்களுடையது இல்லையென்றால் நீங்கள் கையெழுத்துப் போட்டுப் பயனில்லை. பக்கத்துக் கடை சிசிடிவி என்றால் கடைக்காரர்தான் தர வேண்டும். கேட்டும் தரவில்லையா, கோர்ட்டில் மனுப் போட்டு வரவழைக்கலாம் என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அசல் போனையே தாக்கல் செய்து, அதன் சொந்தக்காரர் கூண்டேறி அது தன்னுடையது என்று நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் வழக்கு முடியும்வரை போன் கோர்ட்டில் கிடக்கலாம், யோசித்துச் செய்யுங்கள்.

கடைசியாக, விசாரணை வரட்டும், அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்காதீர்கள். உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 7 விதி 14இன்படி வாதி தன் ஆவணங்களைப் பிராதோடு தாக்கல் செய்ய வேண்டும், பட்டியலிலும் காட்ட வேண்டும். விட்டுப்போனதைப் பிறகு கொண்டுவர கோர்ட் அனுமதி தேவை, ஏன் தாமதம் என்று மனுவில் காரணமும் எழுத வேண்டியிருக்கும்.